வெற்றிருக்கையும் குடவோலையும்

தமிழர் பத்துப் பேர் ஓர் அயலூரில் குடியேறினால், ஆண்டு இரண்டு கழிவதற்குள் அங்கே ஒரு சங்கம் தோன்றிவிடும். பொங்கலுக்கு ஒரு விழா, பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு தமிழ் வகுப்பு, ஊரிலிருந்து கொணர்ந்த நூல்களை அடுக்க ஓர் அலமாரி என்று அது மெல்ல வளரும். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946 ஆம் ஆண்டில் தோன்றியது. மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என எந்நகரை எடுத்துக்கொண்டாலும் பெரியனவும் சிறியனவுமாக இத்தகைய அமைப்புகள் உண்டு. இவற்றை நடத்துவோர் பெரும்பாலும் ஊதியம் பெறுவோர் அல்லர். அலுவலகம் முடிந்து, பேருந்து பிடித்து, இரவு உணவைத் தள்ளிவைத்துவிட்டு வந்து பணியாற்றும் தொண்டர்கள்.

இத்தகைய அமைப்புகளைப் பற்றும் நோய்கள் பல. பகைமை ஒன்று, பணத்தைப் பற்றிய ஐயம் மற்றொன்று. இவ்விரண்டினும் மிகுதியாகக் காணப்படுவதும், யாரும் வாய்விட்டுப் பேசாததுமாகிய நோய் இன்னொன்றுண்டு. அதுவே வெற்றிருக்கை. நிருவாகக் குழுவின் பட்டியலில் பெயர் இருக்கும். கூட்டத்தில் ஆள் இரார். அவர் தீயவர் அல்லர். மாற்றல் வந்து வேறு ஊருக்குச் சென்றிருப்பார். ஓய்வு பெற்று மகன் வீட்டில் தங்கியிருப்பார். உடல் நலம் குன்றியிருப்பார். பெயர் மட்டும் பட்டியலை விட்டு அகலாது.

சில ஆண்டுகட்கு முன் தில்லியில் ஒரு சிறு அமைப்பில் நாம் இணைச் செயலாளராக இருந்தோம். குழுவில் பதினைந்து பெயர்கள். ஏழு பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி. வழக்கமாக வருவோர் ஐவர். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியைக்குரிய சிறு தொகையைத் தீர்மானம் செய்து கொடுக்க வேண்டும்; காசோலையில் மூவருள் இருவர் கையெழுத்திட வேண்டும். அம்மூவருள் ஒருவர் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்திருந்தார். மற்றொருவர் இரண்டு ஆண்டுகளாக வரவில்லை. மூன்று முறை கூட்டம் கூட்டினோம். மூன்று முறையும் ஐவர் அமர்ந்து, தேநீர் அருந்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வீடு திரும்பினோம். அந்த அம்மையார் அக்காலமெல்லாம் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தார். சுண்ணக்கட்டியையும் தம் கைப்பணத்தில் வாங்கினார்.

“வராதவர் பெயரை எடுத்துவிடலாமே” என்று இளைஞர் ஒருவர் ஒருநாள் கேட்டார். அறையில் அமைதி நிலவியது. “இந்தச் சங்கத்திற்கு முதல் மேசையை வாங்கிக் கொடுத்தவர் அவர்” என்றார் மற்றொருவர். பேச்சு அத்துடன் நின்றது.

வராத ஒருவரை, அவர் மனம் நோகாமலும் அவர் ஆற்றிய தொண்டு மறைந்து போகாமலும், இருக்கையிலிருந்து விடுவிப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடும்போது நம் நினைவு ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முற்பட்ட ஓர் ஊர்ச் சபையை நாடிச் செல்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்தரமேரூரை அறியாத தமிழர் சிலரே. பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக அமைந்த ஊர் அது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் கற்சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டினது; அதாவது கி.பி. 919. மற்றொன்று பதினான்காம் ஆட்சியாண்டினது, கி.பி. 921. கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை ஆராய்ந்து, தொல்பொருள் ஆய்வுத் துறையின் 1904-05 ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். அது முதல் குடவோலை என்னும் சொல் நம் பள்ளிப் பாடங்களிலெல்லாம் இடம்பெற்றுவிட்டது.

தேர்ந்தெடுத்த முறையை அனைவரும் அறிவர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். மகாசபை இளையோரும் முதியோருமாகக் கூடியிருக்கும். கோயில் நம்பிமாருள் வயதில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண எடுத்து நிற்பார். பெயரின்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். நடுநிலை வகிக்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனை மீண்டும் வாசிப்பர். அதன் பின்னரே அப்பெயர் எழுதிக்கொள்ளப்படும். இவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியம் எனப்படும் ஆண்டுக் குழுவினர். பன்னிருவர் தோட்ட வாரியத்தார். அறுவர் ஏரி வாரியத்தார். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் வேறொரு குடவோலை உண்டு.

இருக்கையில் அமர்த்தும் இவ்வேற்பாட்டைப் போற்றிப் பேசும் நாம், இருக்கையை விட்டு எழுப்பும் ஏற்பாட்டைப் பெரும்பாலும் படியாமல் விட்டுவிடுகிறோம். உண்மையில் அவ்விரு கல்வெட்டுகளின் நுட்பமெல்லாம் அங்கேதான் செறிந்திருக்கிறது.

முதலாவது, காலம். வாரியத்தில் அமர்ந்தவர் முந்நூற்றறுபது நாள் பணியாற்றி நீங்க வேண்டும். அவர் நல்லவராயினும் நீங்குவார், திறமையற்றவராயினும் நீங்குவார். நீங்குவதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. நாள் நிறைந்தது என்பதே காரணம்.

இரண்டாவது, இடைவெளி. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. செய்து நீங்கியவர்க்கு நெருங்கிய உறவினரும் ஆகார். ஆதலின் ஒருவர் தம் இருக்கையைத் தாமே மீண்டும் பற்றுவதற்கும், தம்பிக்கோ மைத்துனருக்கோ அதனை விட்டுச் செல்வதற்கும் வழியில்லை.

மூன்றாவது, கணக்கு. ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய உறவினராக அங்கு வரிசைப்படுத்தப்பட்டவர்களும் பின்னர் எந்த வாரியத்துக்கும் தகுதியற்றவராவர். கணக்கெழுதுவோனும் தன் கணக்கைப் பெருங்குழுவின் முன் காட்டித் தூயவன் என்று தெளிந்த பின்னரே மீண்டும் கணக்கில் அமர்வான்.

நான்காவது, இடைநீக்கம். வாரியம் செய்துகொண்டிருக்கும்போதே ஒருவரிடம் குற்றம் காணப்பட்டால், ஆண்டு முடியும் வரை காத்திராமல் அப்பொழுதே அவரை நீக்கிவிட வேண்டும்.

கூட்டத்திற்கு வராத உறுப்பினரை என் செய்வது என்று இவற்றுள் தனி விதி ஏதும் காணப்படவில்லை. அதற்குத் தேவையும் மிகுதியாக இல்லை என்பது நம் கருத்து. வெற்றிருக்கை எவ்வளவு காலம் வெற்றிருக்கையாக இருத்தல் கூடும்? மிகுந்தால் முந்நூற்றறுபது நாள். அடுத்த ஆண்டு குடம் மீண்டும் சபைக்கு வந்துவிடும். அன்றியும், ஏரி வாரியத்தான் வாளாவிருந்தால் அது வயிரமேகத் தடாகத்தின் கரையில் தெரிந்துவிடும். மழைக்கு முன் வண்டல் அகற்றப்பட்டதா, மதகு செம்மையாக இருக்கிறதா என்பதை ஊரே காணும். பதவி என்பது பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ளும் பட்டமாக இல்லாமல், கண்ணுக்குத் தெரியும் வேலையாக இருந்தது.

919 ஆம் ஆண்டில் ஏற்படுத்திய விதியை இரண்டே ஆண்டுகளில் திருத்தியிருக்கின்றனர் என்பதும் எண்ணத்தக்கது. முதற் கல்வெட்டில் முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்த வரம்பு, இரண்டாம் கல்வெட்டில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறியது. தகுதியற்றோர் பட்டியல் நீண்டது. ஓலை எடுக்கும் முறை ஒவ்வொரு படியாக விரித்துரைக்கப்பட்டது. கல்லில் வெட்டியதாயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை. குறை கண்டனர், மீண்டும் கல்லில் வெட்டினர். அச்சிட்ட விதிநூலை இருபது ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருக்கும் நமக்கு இதுவும் ஒரு பாடம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். உத்தரமேரூர் சபை ஊரார் அனைவரின் சபையன்று. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டியவராய், வேதக் கல்வி உடையவராய் இருந்த அந்தண ஆடவரே குடவோலைக்கு உரியவர். மிகுந்த கல்வியுடையார்க்கு மட்டும் நிலத்தின் அளவு அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. உழுது பயிரிட்டவருக்கும், கைத்தொழில் புரிந்தவருக்கும், மகளிருக்கும் அதில் இடமில்லை. அன்றியும் கல்வெட்டு கூறுவது விதியை. அவ்விதி ஆண்டுதோறும் வழுவாது நடந்தது என்பதற்கு அது சான்றாகாது. ஆகவே அதனை முழுமையான மக்களாட்சி என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு குழுவைப் பழுதுபடாமல் காக்கும் வழி அறிந்த கைவினைஞர் நம் முன்னோர் என்று கொண்டால் போதும்.

அக்கைவினை தமிழகத்தில் ஓரூருக்கு மட்டும் உரியதன்று. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள மானூரில் ஏறத்தாழ கி.பி. 800 அளவில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் வெட்டிய கல்வெட்டொன்று வேறொரு தொல்லைக்கு மருந்து கூறுகிறது. சபையில் எதைச் சொன்னாலும் “அன்று, அன்று” என்று மறுத்துக் காரியத்தைத் தடுப்பவன் ஐந்து காசு தண்டம் கொடுக்க வேண்டும் என்பது அது. வாராமல் கெடுப்பாரும், வந்து கெடுப்பாரும் எக்காலத்தும் உண்டு போலும்! கடல் கடந்த கிரேக்க நாட்டின் ஏதன்ஸ் நகரத்திலும் ஐந்நூற்றுவர் அவைக்குச் சீட்டெடுத்தே ஆள் எடுத்தனர். பதவிக் காலம் ஓராண்டு. வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அமர்தல் கூடாது. நீங்கும்போது கணக்கு ஒப்புவிக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டார் ஒரே மருந்தைக் கண்டிருக்கின்றனர் எனில், நோய் ஒன்றே என்பது விளங்கும்.

உத்தரமேரூரின் பெயர் தில்லியிலும் ஒலித்ததுண்டு. அரசியல் நிருணய சபையில் 1948 நவம்பர் 22 ஆம் நாள், கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்னும் விதியைக் கே. சந்தானம் முன்மொழிந்தார். அதுவே இன்று அரசமைப்பின் 40 ஆம் உறுப்பாக இருக்கிறது. அவ்விவாதத்தில், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த டி. பிரகாசம் அவர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டையும் அதன் குடத்தையும் ஓலையையும் எடுத்துரைத்தார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளன்றும் பிரதமர் அதனைக் குறிப்பிட்டார்.

அந்நாடாளுமன்றமும் வெற்றிருக்கையைப் பற்றி எண்ணாமல் இல்லை. அவையின் அனுமதியின்றி அறுபது நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராதிருக்கும் உறுப்பினரின் இடத்தைக் காலியானதாக அவை அறிவிக்கலாம் என்று அரசமைப்பின் 101 ஆம் உறுப்பு கூறுகிறது. அவை நான்கு நாளுக்கு மேல் தொடர்ந்து ஒத்திவைக்கப்பட்டிருக்கும் காலம் அக்கணக்கில் சேராது. 2000 ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரின் இடம் இவ்விதியின்படி காலியாயிற்று. குழுக்களுக்கு விதி இன்னும் கடுமையானது. தலைவரின் அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு அமர்வுகளுக்கு வராதவரைக் குழுவிலிருந்து விடுவிக்குமாறு அவையில் தீர்மானம் கொண்டுவரலாம் என்பது மக்களவை விதி. பெரிய அவையைக் காட்டிலும் சிறிய குழுவில் ஒருவரின் இன்மை மிகுதியாக உறைக்கும் என்பதை அறிந்து வகுத்தது போலும் இது.

2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் மேலும் ஓரடி எடுத்து வைக்கிறது. பன்னிரண்டு மாத காலத்தில் நடந்த இயக்குநர் குழுக் கூட்டங்களுள் ஒன்றுக்கேனும் வராத இயக்குநரின் பதவி தானே காலியாகிவிடும். விடுப்புக் கேட்டிருந்தாலும் சரி, கேளாதிருந்தாலும் சரி. இங்கே “நீர் போய்விடும்” என்று யாரும் யாரையும் நோக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விதியே சொல்லிவிடுகிறது. மனித முகம் பார்த்துச் சொல்ல இயலாததைச் சொல்லும்பொருட்டன்றோ விதி என்பதே ஏற்பட்டது!

நம் சங்கங்களுக்குரிய சட்டம் யாது? தில்லியில் 1860 ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. எழுவர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம் என்பதும், நிருவாகக் குழுவினரின் பெயர்ப் பட்டியலை ஆண்டுதோறும் பதிவாளரிடம் அளிக்க வேண்டும் என்பதும் பலர் அறிந்தவை. 15 ஆம் பிரிவிலுள்ள ஒரு வரியை அறிந்தவர் சிலரே. சந்தாவை மூன்று மாதத்துக்கு மேல் செலுத்தாமல் நிலுவை வைத்திருப்பவர் வாக்களிக்கவும் ஆகார். உறுப்பினராக எண்ணப்படவும் ஆகார் என்கிறது அது. எண்ணப்படார் என்னும் சொல்லை நோக்குக. குழுவில் ஒருவர் வாராமையைச் சட்டம் தொடவில்லை; அதனை நம் விதிநூலுக்கே விட்டுவிட்டது. நம் விதிநூலோ, முதலில் சங்கம் கண்ட ஊக்கத்தில், சேர்ப்பதைப் பற்றிப் பத்துப் பக்கமும் விடுவிப்பதைப் பற்றி இரண்டு வரியுமாக எழுதப்பட்டிருக்கும்.

ஊதியமும் தண்டமும் இல்லாத தொண்டர் அமைப்புகளில் இவ்விதிகள் செல்லுமா என்று ஐயுறுவோர்க்கு, நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுவோம். கணினிகளை இயக்கும் கட்டற்ற மென்பொருள்களுள் டெபியன் என்பது ஒன்று. 1993 ஆம் ஆண்டில் தொடங்கியது. உலகெங்கும் பரந்துள்ள தொண்டர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே கூடி அதனை உருவாக்குகின்றனர். 2023 ஆம் ஆண்டில் அவர்களது ஆண்டு மாநாடு நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கொச்சியில் நடந்தது. அவர்களுக்கென ஓர் அமைப்புச் சட்டமும் 1998 முதல் உண்டு.

அச்சட்டத்தில் கூட்ட நிறைவெண் கணிக்கும் முறை சுவையானது. உறுப்பினர் தொகையின் வர்க்கமூலத்தில் பாதியை எடுத்து, அதனை மூன்றால் பெருக்குவர். தொள்ளாயிரம் பேர் இருந்தால் வர்க்கமூலம் முப்பது. அதில் பாதி பதினைந்து. அதன் மும்மடங்கு நாற்பத்தைந்து. நாற்பத்தைவர் ஒரு தீர்மானத்தை ஆதரித்து வாக்களிப்பின் அது நிறைவெண்ணை எட்டிவிடும். பட்டியலில் உறங்கும் பெயர்கள் எத்தனை இருந்தாலும் விழித்திருப்போர் கையைக் கட்டிவிடலாகாது என்னும் எண்ணம் இக்கணக்கில் அமைந்திருக்கிறது. நம் சங்கத்தில் பதினைவருள் எழுவர் என்று எழுதி வைத்தவர்களுக்கு, ஒருநாள் பதினைவருள் பத்துப் பேர் உறங்குவர் என்பது தோன்றவில்லை.

அவர்களிடமும் காணாமற்போவார் உண்டு. ஒருவர் பொறுப்பேற்ற பகுதி நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தால், அதற்கென உள்ள குழுவினர் அவருக்கு மடல் எழுதுவர்; காத்திருப்பர்; மீண்டும் எழுதுவர். விடையில்லையெனின் அவர் கவனித்த பகுதியை அநாதை என்று அறிவித்து, வேறொருவர் தத்தெடுக்க வழி செய்வர். தாமே விலகுவோர் ஓய்வுற்ற மதிப்பிற்குரியோர் என்ற நிலையைப் பெறுவர். பின்னர் விரும்பினால் திரும்பி வரலாம். அவர்களின் தொழில்நுட்பக் குழுவுக்குத் தொடக்கத்தில் கால வரம்பு இல்லை. 2014 ஆம் ஆண்டில் வாக்கெடுத்து, நெடுங்காலம் அமர்ந்தோர் முறையே நீங்குமாறு வரம்பு வகுத்தனர். உத்தரமேரூர் சபையார் இதனைக் கேட்டிருப்பின் வியந்திருக்க மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பே நமக்குத் தொழிலாதலின், இறுதியாக ஒரு சொல்லைப் பற்றிக் கூற விழைகிறோம். ஓய்வுற்ற மதிப்பிற்குரியோர் என்று மேலே எழுதியது நீண்டும் சுவையற்றும் இருக்கிறது. இதற்கொரு தமிழ்ச் சொல் உண்டா என்று தேடியபோது, அது உத்தரமேரூர்க் கல்லிலேயே இருக்கக் கண்டோம். வாரியத்தில் பணியாற்றி நீங்கியவரை அக்கல்வெட்டு ‘வாரியஞ் செய்தொழிந்த பெருமக்கள்’ என்று குறிக்கிறது. ஒழிதல் என்பதற்கு நீங்குதல், முடிதல், வெறுமையாதல் என்றெல்லாம் பொருள் உண்டு. இன்று அச்சொல் வசவாகிவிட்டது. ஒருவரை நோக்கி “ஒழிந்தார்” என்றால் சண்டை மூளும். அன்றோ, ஒழிந்தவர் பெருமக்களாகவே இருந்தனர். அதுமட்டுமன்று. சம்வத்சர வாரியத்துக்கு ஆள் எடுக்கையில், முன்னர் வாரியப் பணி செய்தவராய், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவராய் இருப்போரையே கொள்ள வேண்டும் என்கிறது கல்வெட்டு. ஆகவே இருக்கையை விட்டு எழுவது இழிவாகக் கருதப்படவில்லை. அடுத்த பணிக்கு அது ஒரு படியாயிற்று. இருக்கையும் மதிப்பும் வேறு வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நாம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டோம். அதனால்தான் ஒன்றை எடுக்க முயன்றால் மற்றொன்றும் அறுந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

முதல் மேசையை வாங்கிக் கொடுத்த அப்பெரியவரைக் காண, ஒரு மாலையில் நாம் இருவராகச் சென்றோம். வாயிலில் நெடுநேரம் தயங்கினோம். அவரோ காபி வரவழைத்து, ஒவ்வொருவர் நலமும் கேட்டார். நாம் எதையெதையோ பேசி, பின் மெல்ல விஷயத்திற்கு வந்தபோது அவர் சிரித்துவிட்டார். “தம்பி, முழங்கால் இப்படி ஆனதிலிருந்து என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. பெயரை எடுத்துவிடுங்கள் என்று நானே எழுத நினைத்தேன். எழுதினால், ஏதோ கோபித்துக்கொண்டு விலகுகிறேன் என்று நினைப்பீர்களே என்று விட்டுவிட்டேன். நீங்கள் எப்போது கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றார்.

அவர் மனம் நோகும் என்று நாம் வாளாவிருந்தோம். நம் மனம் நோகும் என்று அவர் வாளாவிருந்தார். இடையில் வாடியது, ஞாயிறுதோறும் சுண்ணக்கட்டி வாங்கிய அந்த அம்மையார். மரியாதை இரு பக்கமும் நிறைந்திருந்தது. விதி ஒன்றே இல்லாதிருந்தது.

அடுத்த பொதுக்குழுவில் விதிநூலைத் திருத்தினோம். குழுவின் காலம் இரண்டாண்டு. அறிவிக்காமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வாராதவர் இடம் தானே காலியாகும். அவருக்கு நன்றி மடல் ஒன்று செல்லும். மாற்றல் வந்தால் வங்கிக் கையெழுத்தை ஒப்படைத்த பின்னரே வழியனுப்பு விருந்து. மீண்டும் தில்லிக்கு வருவோர் மீண்டும் நிற்கலாம். நீங்கியோர் பெயர்களை அறையின் சுவரில் ஒரு பலகையில் எழுதுவது என்றும் முடிவாயிற்று. அப்பலகைக்குச் ‘செய்தொழிந்த பெருமக்கள்’ என்று தலைப்பிடலாம் என நாம் சொன்னபோது, கல்வெட்டாயினும் அச்சொல் வேண்டா என்று அனைவரும் ஒருமுகமாக மறுத்துவிட்டனர்! ‘பணி நிறைந்த பெருமக்கள்’ என்று எழுதினோம். பெரியவர் பெயர் அதில் முதலாவது. வகுப்பும் மாடியை விட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கியது. சில ஞாயிறுகளில் அவரும் வந்து, பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறார்.

நேயர்கள் எந்நகரத்தில் வாழ்பவராயினும், தம் ஊர்ச் சங்கத்தின் விதிநூலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக. ஒருவர் இருக்கையில் அமரும் வழியை அது நன்றாகவே கூறியிருக்கும். அவர் மதிப்புடன் எழுந்து செல்லும் வழியையும் கூறியிருக்கிறதா என்று பார்க்க. கூறியிராவிடின், அடுத்த பொதுக்குழுவுக்கு அதுவே முதற் பொருளாகட்டும்.